ஆரம்பகால மைக்ரோ கணினிகளுக்கு மென்பொருள் எழுதிய கருவிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கணினிகளைப் பற்றிப் பேச்செடுத்தால் சிப், நினைவகம், விலை என்றே பேச்சு போய்விடுகிறது. அவற்றில் ஓடிய நிரல்களை எதை வைத்து எழுதினார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. எனக்கு அதுதான் முக்கியமான கேள்வி. ஒரு கணினி தனக்கு வேண்டிய மென்பொருளைத் தன்னிலேயே உருவாக்கிக்கொள்ளும் நிலைக்கு எப்போது வந்தது, எது அதைச் சாத்தியமாக்கியது என்று பார்த்தால் அந்தப் பத்தாண்டு நன்றாகப் புரியும்.

எந்தக் கணினிகளைப் பற்றிய பேச்சு இது?

இன்டெல் 8080 சிப் வந்த 1974-இலிருந்து, டர்போ பாஸ்கல் என்ற நிரல் எழுதும் கருவி வந்த 1983 வரை, கொஞ்சம் முன்பின்னாக. ஆல்டேர் 8800, இம்சாய் 8080, கிம்-1, ஆப்பிள் 2, டிஆர்எஸ்-80, பிபிசி மைக்ரோ போன்ற 8-பிட் இயந்திரங்கள். இவற்றின் சிப் நேரடியாகத் தொடக்கூடிய நினைவகமே அதிகபட்சம் 64 கிலோபைட்தான். பலரிடம் இருந்தது அதில் கால்வாசி கூட இல்லை.

திரையும் விசைப்பலகையும் இல்லாத ஆல்டேரில் நிரலை எப்படி உள்ளே ஏற்றினார்கள்?

விரலால். 1975 ஜனவரி 'பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்' இதழின் அட்டையில் வந்த இந்தக் கணினியை, அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஆல்புகர்க்கி நகரிலிருந்த மிட்ஸ் நிறுவனம் விற்றது. அடிப்படைக் கிட்டில் 256 பைட் நினைவகம். முன்பலகையில் வரிசையாகச் சுவிட்சுகளும் சிவப்பு விளக்குகளும் இருந்தன, அவ்வளவுதான்.

முகவரிக்கு 16 சுவிட்சுகள். அவற்றில் கீழ் எட்டும் தரவுக்கும் பயன்படும். தொடக்க முகவரியைச் சுவிட்சில் வைத்து 'எக்ஸாமின்' விசையைத் தட்ட வேண்டும். பிறகு முதல் பைட்டைச் சுவிட்சில் அமைத்து 'டெபாசிட்'. அடுத்த பைட்டை அமைத்து 'டெபாசிட் நெக்ஸ்ட்'. இப்படியே கடைசி வரை. மிட்ஸ் கையேட்டில் இரண்டு எண்களைக் கூட்டும் சிறு நிரல் ஒன்று உண்டு. ஆக்டலில், அதாவது எட்டை அடியாகக் கொண்ட எண்முறையில், அது இப்படி இருக்கும்:

072 200 000
107
072 201 000
200
062 202 000
303 000 000

முதல் வரி, 200-ஆம் முகவரியில் உள்ள எண்ணை ஏ ரெஜிஸ்டருக்கு (சிப்புக்குள்ளேயே எண் வைக்கும் சிறு இடம்) எடுக்கிறது. 107 அதை பி ரெஜிஸ்டருக்கு நகலெடுக்கிறது. மூன்றாவது வரி 201-இல் உள்ள எண்ணை எடுக்கிறது. 200 என்ற தனி பைட் 'பி-யைக் கூட்டு' என்னும் கட்டளை. அடுத்த வரி விடையை 202-இல் வைக்கிறது. கடைசி வரி மறுபடி தொடக்கத்துக்கே தாவுகிறது. முகவரியின் கீழ்ப்பாதி முதலில் வரும் என்பது இன்டெல்லின் வழக்கம். அதனால்தான் 200-க்குப் பின்னால் 000 நிற்கிறது.

மொத்தம் 14 பைட், அதாவது 112 பிட். ஒவ்வொன்றும் சரியான திசையில் இருக்க வேண்டும். அப்புறம் 200, 201 முகவரிகளில் கூட்ட வேண்டிய எண்களைப் போட்டு, 'ரீசெட்', 'ரன்'. நிரல் சுற்றிக்கொண்டே இருக்கும். 'ஸ்டாப்' தட்டி, 202-ஐ 'எக்ஸாமின்' செய்தால் விடை விளக்குகளில் தெரியும். மின்சாரத்தை நிறுத்தினால் எல்லாம் போச்சு.

இன்று எல்லோரும் பதினாறடி எண்முறையில் எழுதுகிறார்களே, அங்கே ஏன் ஆக்டல்?

8080-இன் கட்டளைகள் மும்மூன்று பிட்டாகப் பிரிந்து நிற்பவை. ரெஜிஸ்டர்களுக்கு 0 முதல் 7 வரை எண் உண்டு: பி-க்கு 0, ஏ-க்கு 7. நகலெடுக்கும் கட்டளை 1-இல் தொடங்கும், அடுத்த இலக்கம் சேருமிடம், கடைசி இலக்கம் எடுக்குமிடம். ஆகவே ஏ-யிலிருந்து பி-க்கு 107, பி-யிலிருந்து ஏ-க்கு 170. இந்த ஒழுங்கு ஆக்டலில் கண்ணுக்குத் தெரிகிறது, பதினாறடியில் மறைந்துவிடுகிறது. கட்டளை அட்டவணையைப் பார்க்காமலே பாதிக் கட்டளைகளை எழுதிவிடலாம். சுவிட்சு தட்டுபவருக்கு இது பெரிய உபகாரம். ஆல்டேரின் முன்பலகையிலும் சுவிட்சுகள் மும்மூன்றாகவே பிரித்து வைக்கப்பட்டிருந்தன.

கையால் அசெம்பிள் செய்வது என்றால் என்ன?

நிரலை ஒரு தாளில் அசெம்ப்ளி எனப்படும் குறுங்கட்டளைகளாக எழுதி, பக்கத்தில் அவற்றுக்கான எண்களை அட்டவணையைப் பார்த்து நிரப்புவது. அசெம்ப்ளர் என்ற மென்பொருள் செய்யும் வேலையை மனிதரே செய்வது. எண்களை நிரப்புவது எளிது, முகவரிகள்தான் பாடுபடுத்தும். நடுவில் ஒரு கட்டளையைச் செருகினால் அதற்குப் பின்னால் உள்ள எல்லா முகவரிகளும் நகர்ந்துவிடும், அவற்றைச் சுட்டும் தாவல் கட்டளைகள் அத்தனையும் தவறாகிவிடும். அதனால் அனுபவசாலிகள் அங்கங்கே ஒன்றும் செய்யாத கட்டளைகளை நிரப்பி இடம் விட்டு வைப்பார்கள். இடம் போதவில்லை என்றால், நினைவகத்தின் கடைசியில் ஒரு துண்டு எழுதி அங்கே தாவி, வேலையை முடித்துத் திரும்பி வருவார்கள்.

இப்படி எழுதியவற்றில் எனக்கு மிகப் பெரிய வியப்பு, ஆப்பிள் நிறுவனர்களில் ஒருவரான ஸ்டீவ் வோஸ்னியாக்கின் இன்டிஜர் பேசிக் (பேசிக் என்பது எளிய நிரல் மொழி). பெரிய கணினியில் அசெம்ப்ளருக்கு நேரம் வாங்க அவரிடம் பணம் இல்லை. ஒரு முழு மொழிபெயர்ப்பியையும் தாளில் எழுதி, 6502 சிப்புக்கான எண்களைக் கையாலேயே கணக்கிட்டார். 1977-இல் ஆப்பிள் 2 வந்தபோது அதன் ரோமுக்குள், அதாவது அழியாத, படிக்க மட்டுமேயான சிப்புக்குள், ஒரு சிறிய அசெம்ப்ளரையும், எண்களை மீண்டும் கட்டளைகளாகக் காட்டும் டிஸ்அசெம்ப்ளரையும் வைத்தார். பேசிக்கில் 'கால் -151' என்று தட்டினால், நினைவகத்தை நேரடியாகப் பார்க்கவும் மாற்றவும் உதவும் மானிட்டர் நிரல் திறக்கும். வாங்கிய அன்றைக்கே கணினியின் உள்ளே கைவைக்க முடிந்தது என்பது அந்த இயந்திரத்தைச் சுற்றி இவ்வளவு பேர் சேர்ந்ததற்கு ஒரு முக்கியக் காரணம் என்று உறுதியாக நினைக்கிறேன்.

தமிழ்நாட்டில் பொறியியல் படித்தவர்கள் பலருக்கு இந்த வேலை பழக்கமானதே. மைக்ரோபிராசசர் ஆய்வகத்தில் 8085 கிட்டின் சிறு விசைப்பலகையில் எண்களை ஒவ்வொன்றாக அழுத்தியது இதே முறைதான். 8085 சிப்பும் 1976-இல் வந்தது, 8080-இன் கட்டளைகளை அப்படியே ஏற்பது. மேலே உள்ள கூட்டல் நிரல், முகவரிகளை மட்டும் மாற்றினால் அந்தக் கிட்டிலும் ஓடும்.

பில் கேட்ஸும் பால் ஆலனும் ஆல்டேரைக் கண்ணால் பார்க்காமலே பேசிக் எழுதியது உண்மையா?

உண்மை. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஐக்கன் ஆய்வகத்திலிருந்த பிடிபி-10 என்ற பெரிய கணினியில் அதை எழுதினார்கள். அது டிஜிட்டல் ஈக்விப்மென்ட் நிறுவனத்தின் 36-பிட் கணினி, 8080-க்கும் அதற்கும் எந்த உறவும் கிடையாது. பால் ஆலன் இரண்டு கருவிகளைத் தயார் செய்தார். ஒன்று, பிடிபி-10-இன் மேக்ரோ அசெம்ப்ளரை 8080 கட்டளைகளை உருவாக்கும்படி வளைத்தது. இரண்டாவது, 8080 எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் கட்டளைக்குக் கட்டளை நடித்துக்காட்டும் சிமுலேட்டர். சிப்பின் கையேட்டில் அச்சிட்டிருந்ததை மட்டும் நம்பி எழுதப்பட்டது அது. மூன்றாவதாகச் சேர்ந்த மான்டி டேவிடாஃப், தசம எண்களைக் கையாளும் கணக்குப் பகுதியை எழுதினார்.

இந்த முறைக்கு 'கிராஸ்' முறை என்று பெயர்: ஓரிடத்தில் உருவாக்கி வேறிடத்தில் ஓட்டுவது. சிமுலேட்டரில் நிரலை எந்த இடத்திலும் நிறுத்தலாம், எந்த ரெஜிஸ்டரையும் பார்க்கலாம், தவறு நடந்தால் திரும்ப ஓட்டலாம். உண்மையான ஆல்டேரில் இருந்த விளக்குகளை விட இது எவ்வளவோ வசதி. ஆனால் சிமுலேட்டர் எழுதியவர் கையேட்டைத் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் நிரலும் அதே தவறோடு 'சரியாக' ஓடும். காகித நாடாவில் பேசிக்கை எடுத்துக்கொண்டு ஆல்புகர்க்கிக்குப் பறந்தபோதுதான், நாடாவை நினைவகத்தில் ஏற்றும் சிறு நிரலை எழுதவில்லை என்பது ஆலனுக்கு நினைவு வந்தது. விமானத்திலேயே தாளில் எழுதி முடித்தார். மிட்ஸில் சுவிட்சுகளால் அதை ஏற்றி, நாடாவை ஓடவிட்டு, 2+2 எவ்வளவு என்று கேட்டார்கள். 4 வந்தது.

பின்னால் அவர்கள் 6502 சிப்புக்கு எழுதிய பேசிக்கின் மூலநிரல் இன்று படிக்கக் கிடைக்கிறது. அதில் 'ரியல்ஐஓ' என்று ஒரு மாறி உண்டு. அதன் மதிப்பு 4 என்றால் ஆப்பிள், 3 என்றால் கொமடோர், 1 என்றால் கிம். 0 என்றால்? '6502-ஐ நடித்துக்காட்டும் பிடிபி-10'. ஒரே மூலநிரலில் ஓர் எண்ணை மாற்றினால் வேறு வேறு கணினிகளுக்கான பேசிக் வெளிவரும். அவர்களுடைய மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அத்தனை கணினித் தயாரிப்பாளர்களுக்கும் வேகமாக பேசிக் விற்க முடிந்ததற்கு இந்த ஏற்பாடு பெரிதும் உதவியது.

சிப் தயாரித்த இன்டெல் கருவி எதுவும் தரவில்லையா?

தந்தது, ஆனால் வீட்டில் வைத்து நிரல் எழுதுபவருக்கு எட்டாத விலையில். இன்டலெக் என்ற பெயரில் வந்த மேம்பாட்டுக் கணினிகள் தொழிற்சாலைகளுக்கானவை, பல ஆயிரம் டாலர் பிடிக்கும். அவற்றில் ஐசிஸ் என்ற வட்டு இயங்குதளம் ஓடியது. ஐசிஇ-80 என்ற கருவி இன்னும் சுவாரசியமானது: நீங்கள் வடிவமைத்த போர்டில் 8080 சிப்பைக் கழற்றிவிட்டு அந்தக் குழியில் ஒரு கேபிளைச் செருகினால், சிப்பின் வேலையை இன்டலெக் செய்யும். வன்பொருள் உண்மையாகவே ஓடும்போது நிரலை நிறுத்திப் பார்க்கலாம்.

மென்பொருளில் இன்டெல் செய்த முக்கியமான காரியம் பிஎல்/எம் மொழி. அதை 1973 வாக்கில் இன்டெல்லுக்காக உருவாக்கியவர் கேரி கில்டால். கலிபோர்னியா மாநிலம் மான்டெரேயில் கடற்படை முதுநிலைக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். அந்த மொழியில் எழுதியதைச் சிப்பின் எண்களாக மாற்றும் கம்பைலர் ஃபோர்ட்ரான் மொழியில் எழுதப்பட்டது, பெரிய கணினிகளில்தான் ஓடும். அதாவது மைக்ரோ கணினிக்கான முதல் உயர்நிலை மொழியே மைக்ரோ கணினியில் ஓடவில்லை. கில்டாலின் மனதை இதுவே குடைந்தது.

காகித நாடாவை வைத்து எப்படி வேலை செய்தார்கள்?

பொறுமையோடு. ஏஎஸ்ஆர்-33 என்ற டெலிடைப் இயந்திரம் விசைப்பலகை, அச்சு, நாடாத் துளைப்பான், நாடாப் படிப்பான் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது. வேகம் நொடிக்கு 10 எழுத்து. 4 கிலோபைட் பேசிக்கை ஏற்ற ஏறக்குறைய 7 நிமிடம்.

நிரல் எழுதுபவருக்கு வேலை இதைவிட நீளம். முதலில் எடிட்டரின் நாடாவை ஏற்றி, மூலநிரலைத் தட்டி, அதை ஒரு நாடாவில் துளைத்து எடுக்க வேண்டும். பிறகு அசெம்ப்ளரின் நாடாவை ஏற்ற வேண்டும். அசெம்ப்ளர் மூலநிரலை இரண்டு முறை படிக்கும். முதல் சுற்றில் எந்தப் பெயர் எந்த முகவரி என்று குறித்துக்கொள்ளும், இரண்டாவது சுற்றில் எண்களை உருவாக்கும். ஆகவே மூலநிரல் நாடாவை நீங்களே திரும்பச் சுற்றி மறுபடி ஓட்ட வேண்டும். கடைசியில் வரும் நாடாவை ஏற்றி ஓட்டிப் பார்த்தால் ஒரு காற்புள்ளி விட்டுப்போயிருக்கும். மறுபடி எடிட்டர். இந்தச் சுழற்சியைத் தவிர்க்கவே பலர் ஓடும் நினைவகத்தில் நேரடியாக எண்ணை மாற்றி, மாற்றத்தைத் தாளில் குறித்து வைத்தார்கள்.

சாதாரண ஆடியோ கேசட்டில் பதியும் முறைக்கு 1975-இல் கான்சாஸ் சிட்டியில் கூடி ஒரு பொதுத் தரம் வகுத்தார்கள்: 1200 ஹெர்ட்ஸ் ஒலி என்றால் 0, 2400 என்றால் 1, நொடிக்கு 300 பிட். செலவு குறைந்தது, ஆனால் சுழற்சி மாறவில்லை.

உண்மையான திருப்பம் எப்போது வந்தது?

ஃபிளாப்பி வந்தபோது. வேகமான சிப் வந்தபோது அல்ல, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 8 அங்குல வட்டில் 77 தடங்கள், தடத்துக்கு 26 பகுதிகள், பகுதிக்கு 128 பைட், ஆக 2,56,256 பைட். அதே அளவை டெலிடைப்பில் படிக்க 7 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதோடு வட்டில் எந்த இடத்துக்கும் உடனே போகலாம். அசெம்ப்ளர் தன் இரண்டாவது சுற்றைத் தானே தொடங்கிக்கொள்ளும்.

கில்டால் ஷுகார்ட் நிறுவனத்திடமிருந்து ஒரு வட்டு இயக்கியைப் பெற்றார். அதைக் கணினியோடு இணைக்கும் மின்சுற்றை அவருடைய நண்பர் ஜான் டொரோடி செய்து கொடுத்தார். அதற்காக 1974-இல் எழுதப்பட்டதே சிபி/எம் என்ற இயங்குதளம். அதையும் பிடிபி-10-இல் ஓடிய 8080 சிமுலேட்டரில் சோதித்துத்தான் தொடங்கினார். ஆனால் அது ஓடத் தொடங்கிய பிறகு, அடுத்த நிரலை எழுதப் பெரிய கணினி தேவைப்படவில்லை.

சிபி/எம்-இல் ஒரு நிரல் எழுதுவது எப்படி இருக்கும்?

வட்டிலேயே நான்கு கருவிகள் கூட வரும்: எட், ஏஎஸ்எம் என்ற அசெம்ப்ளர், லோட், தவறு தேட உதவும் டிடிடி. திரையில் ஒரு வாழ்த்துச் செய்தி காட்டும் நிரலை எடுத்துக்கொள்வோம்.

எட் என்பது வரி எடிட்டர். திரை முழுக்க உரையைக் காட்டாது, வரி எண் சொல்லி, கட்டளை எழுத்து சொல்லி மாற்ற வேண்டும். டெலிடைப்பிலும் ஓட வேண்டும் என்பதால் அப்படி. பின்னால் வேர்டுஸ்டார் என்ற சொற்செயலி வந்ததும் பலர், வடிவமைப்புக் குறிகள் சேர்க்காத அதன் 'நான்-டாக்குமென்ட்' முறையில் நிரல் எழுதத் தொடங்கினார்கள்.

நிரல் சின்னது. சி ரெஜிஸ்டரில் 9 என்ற எண், டி, இ என்ற ரெஜிஸ்டர் ஜோடியில் செய்தியின் முகவரி, 5-ஆம் முகவரிக்கு ஓர் அழைப்பு, திரும்பு. செய்தியைத் தவிர்த்தால் மொத்தம் 9 பைட். சிபி/எம்-இன் சேவைகள் எல்லாவற்றுக்கும் அந்த 5-ஆம் முகவரியே வாசல், எந்தச் சேவை என்பதை சி-யில் உள்ள எண் சொல்லும். செய்தி டாலர் குறியில் முடிய வேண்டும். அதனால் இந்தச் சேவையை வைத்து ஒரு பொருளின் விலையை டாலர் குறியோடு அச்சிட முடியாது. பின்னால் ஐபிஎம் பிசி வகைக் கணினிகளுக்கான இயங்குதளமாக எம்எஸ்-டாஸ் வந்தபோதும் அதன் 9-ஆம் சேவை இதே டாலர் குறியில்தான் முடிந்தது.

ஏஎஸ்எம் மூலநிரலைப் படித்து இரண்டு கோப்புகள் தரும். ஒன்று அச்சிடுவதற்கான பட்டியல், அதில் தவறான வரிகளின் ஓரத்தில் ஓர் எழுத்து நிற்கும்: யு என்றால் அறிவிக்கப்படாத பெயர், பி என்றால் இரண்டு சுற்றுகளிலும் ஒரு பெயருக்கு வேறு வேறு முகவரி வந்துவிட்டது. மற்றது ஹெக்ஸ் கோப்பு. ஒவ்வொரு வரியும் முக்காற்புள்ளியில் தொடங்கும், எத்தனை பைட், எந்த முகவரி, என்ன வகை, தரவு, கடைசியில் சரிபார்ப்புத் தொகை. நாடாவில் ஒரு துளை பிசகினாலும் கண்டுபிடிக்க இன்டெல் வகுத்த வடிவம் அது. ஆர்டுயினோ உனோவில் நிரல் ஏற்றும்போது பின்னணியில் போவதும் இதே வடிவக் கோப்புதான்.

லோட் அந்த ஹெக்ஸ் கோப்பை ஓடக்கூடிய காம் கோப்பாக மாற்றும். காம் கோப்பில் தலைப்பு, அட்டவணை எதுவும் கிடையாது, 256-ஆம் முகவரியிலிருந்து நினைவகத்தில் என்ன இருக்க வேண்டுமோ அதுவே கோப்பு. இந்த எளிமை எனக்கு மிகவும் பிடிக்கும்.

டிடிடி எப்படி ஓடும் நிரலை நடுவில் நிறுத்தியது?

நீங்கள் நிறுத்தச் சொன்ன முகவரியில் இருக்கும் பைட்டை எடுத்து வைத்துக்கொண்டு, அந்த இடத்தில் ஆக்டலில் 377 என்ற ஒற்றை பைட்டை எழுதிவிடும். அது 56-ஆம் முகவரிக்கு அழைப்பு விடுக்கும் கட்டளை. அங்கே டிடிடி முன்பே தன் பக்கம் திருப்பும் தாவலை வைத்திருக்கும். நிரல் அந்த இடத்துக்கு வந்ததும் கட்டுப்பாடு டிடிடி-யிடம் போகும், அது பழைய பைட்டைத் திரும்ப வைத்துவிட்டு ரெஜிஸ்டர்களைக் காட்டும். ஒரே பைட் என்பது முக்கியம். மூன்று பைட் தாவலாக இருந்தால் அடுத்த கட்டளையையும் அழித்துவிடும்.

தன் இடத்தையும் டிடிடி கெட்டிக்காரத்தனமாகத் தேர்ந்துகொள்ளும். நினைவகத்தின் உச்சிக்கு நகர்ந்து உட்கார்ந்துகொண்டு, நினைவகம் எங்கே முடிகிறது என்று சொல்லும் எண்ணைத் திருத்திவிடும். சோதிக்கப்படும் நிரல் அந்த எண்ணைப் பார்த்து, டிடிடி இருக்கும் இடத்தைத் தொடாமல் விலகும்.

எல் கட்டளை டிஸ்அசெம்பிள் செய்யும், டி ஒவ்வொரு கட்டளையாக ஓட்டும், ஏ சிறு திருத்தங்களை அங்கேயே அசெம்பிள் செய்யும். பிறகு வெளியே வந்து 'சேவ்' கட்டளையில் 256 பைட் கொண்ட பக்கங்கள் எத்தனை என்று சொன்னால், திருத்திய நிரல் வட்டில் பதியும். மூலநிரல் இல்லாத நிரல்களைக் கூட இப்படித் திருத்தினார்கள். ஒவ்வொரு டெர்மினலுக்கும் திரைக் குறியீடு வேறு வேறாக இருந்த காலத்தில் இந்தத் திருத்தம் அன்றாட வேலை.

இசட்80-க்கு ஏன் இரண்டு விதமான அசெம்ப்ளி?

சைலாக் 1976-இல் வெளியிட்ட இசட்80, 8080-இன் கட்டளைகள் எல்லாவற்றையும் அதே எண்களோடு ஏற்றது. ஆனால் கட்டளைகளின் பெயர்களை சைலாக் புதிதாக வைத்தது. இன்டெல் 'மூவ்' என்றதை சைலாக் 'எல்டி' என்றது. இரண்டையும் அசெம்பிள் செய்தால் கிடைக்கும் பைட் ஒன்றே. சிபி/எம்-இன் ஏஎஸ்எம் இன்டெல் பெயர்களை மட்டும் அறியும். மைக்ரோசாஃப்டின் மேக்ரோ-80 இரண்டையும் ஏற்றது. அதனாலும், அதோடு வந்த லிங்க்-80 என்ற லிங்கர் தனித்தனியாக அசெம்பிள் செய்த துண்டுகளைச் சேர்த்து ஒரே நிரலாக்கியதாலும், பெரிய நிரல் எழுதுபவர்கள் அதற்கு மாறினார்கள்.

ரோம் சிப்பில் போக வேண்டிய நிரலுக்கு?

ஈப்ரோம். இன்டெல்லில் டோவ் ஃப்ரோமான் 1971-இல் கண்டுபிடித்தது. சிப்பின் மேல் குவார்ட்ஸ் சன்னல் இருக்கும், அதில் புற ஊதா ஒளியைச் சில பல நிமிடங்கள் காட்டினால் உள்ளே உள்ளது அழியும். முதலில் வந்த 1702-இல் 256 பைட், பிறகு 2708-இல் 1 கிலோபைட், 2716-இல் 2 கிலோபைட். ஒரு சிப் அழிந்துகொண்டிருக்கும்போது இன்னொன்றில் வேலை செய்ய, கையில் பல சிப்புகள் வைத்திருப்பார்கள்.

எல்லோரும் அசெம்ப்ளிதான் எழுதினார்களா?

இல்லை. கடை வைத்திருந்தவர், பள்ளி ஆசிரியர், வீட்டில் விளையாட்டு எழுதிய சிறுவர் எல்லோரும் பேசிக்கில்தான் எழுதினார்கள். ஆனால் பேசிக் ஒவ்வொரு வரியையும் ஓடும்போதே பொருள்கொள்வதால் மெதுவானது. விற்பனைக்கு வந்த வேர்டுஸ்டார் போன்றவை அசெம்ப்ளியில் எழுதப்பட்டவை. சான் டியாகோவில் கென்னத் பௌல்ஸ் தலைமையில் உருவான யுசிஎஸ்டி பாஸ்கல், கற்பனையான ஒரு கணினிக்கு நிரலை மாற்றி, அந்தக் கற்பனைக் கணினியை ஒவ்வொரு சிப்பிலும் நடிக்க வைத்தது. லியோர் ஜோல்மன் 1979-இல் எழுதிய பிடிஎஸ் சி, சிபி/எம் காரர்களுக்கு சி மொழியைக் கொண்டுவந்தது.

பிபிசி மைக்ரோ இதில் தனி ரகம். சோஃபி வில்சன் எழுதிய அதன் பேசிக்கில் அசெம்ப்ளரே உள்ளே இருந்தது. பேசிக் வரிகளுக்கு நடுவே சதுர அடைப்புக்குறி திறந்தால் அங்கிருந்து 6502 கட்டளைகள். இரண்டு சுற்று வேண்டுமே? அதற்கு ஒரு சாதாரண 'ஃபார்' சுழற்சி: 0 முதல் 3 வரை, 3 படியாக. அசெம்ப்ளர் எப்படி வேலை செய்கிறது என்பதை அந்த ஒரு வரி பள்ளி மாணவருக்கும் கற்றுக்கொடுத்தது.

மைக்ரோ கணினிகள் வளர்ந்த பிறகு பெரிய கணினியில் எழுதும் வழக்கம் நின்றுவிட்டதா?

நிற்கவில்லை. 1979-இல் வந்த விசிகால்க் என்ற விரிதாள் நிரல் ஆப்பிள் 2-இல் ஓடியது, ஆனால் பாப் ஃபிராங்க்ஸ்டன் அதை எம்ஐடி-யின் மல்டிக்ஸ் கணினியில், கட்டணம் குறைந்த இரவு நேரத்தில் எழுதினார். அதற்கான அசெம்ப்ளரையும் அவரே எழுதிக்கொண்டார். ஜோர்க் விளையாட்டை வெளியிட்ட இன்ஃபோகாம், பெரிய டிஜிட்டல் கணினியில் கதைகளை எழுதி, ஒரு கற்பனைக் கணினிக்கான குறியீடாக மாற்றியது. ஒவ்வொரு மைக்ரோவுக்கும் அதைப் படிக்கும் சிறு நிரல் ஒன்று போதும்.

இங்கிலாந்தில் மேத்யூ ஸ்மித், சின்க்ளேர் ஸ்பெக்ட்ரத்துக்கான 'மேனிக் மைனர்' விளையாட்டை 1983-இல் ஒரு டிஆர்எஸ்-80-இல் எழுதினார். இரண்டிலும் இசட்80 சிப். ஆனால் ஒன்றில் நல்ல விசைப்பலகையும் வட்டும், மற்றதில் ரப்பர் விசைகளும் கேசட்டும். எழுதும் கணினி சோதனையின்போது தொங்கிப்போகாது என்பது இன்னொரு லாபம்.

டர்போ பாஸ்கல் ஏன் அவ்வளவு பேசப்பட்டது?

எடிட்டர், கம்பைலர், ஓட்டிப் பார்ப்பது மூன்றும் ஒரே நிரலுக்குள் வந்ததால். அது வரை எடிட்டரை விட்டு வெளியே வந்து, கம்பைலரின் பல சுற்றுகளை வட்டில் ஓட்டி, லிங்கரை ஓட்டி, பிறகு நிரலை ஓட்ட வேண்டும். டென்மார்க்கைச் சேர்ந்த ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க், ஒரே சுற்றில், வட்டைத் தொடாமல் நினைவகத்திலேயே மொழிபெயர்க்கும் கம்பைலரை அசெம்ப்ளியில் எழுதினார். எடிட்டரோடு சேர்த்தும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. தவறு இருந்தால் எடிட்டர் திறந்து, கர்சர் அந்த இடத்திலேயே போய் நிற்கும். விசைகள் வேர்டுஸ்டார் விசைகளே.

போர்லாண்ட் நிறுவனம் அதை 1983-இல் 49.95 டாலருக்கு விற்றது. மற்ற கம்பைலர்கள் சில நூறு டாலர் விலையில் இருந்த நேரம் அது. சிபி/எம்-இலும் ஓடியது, எம்எஸ்-டாஸிலும் ஓடியது. 1975-இல் பிடிபி-10 போன்ற பெரிய கணினி இருந்த இடங்களுக்கு வெளியே கிடைக்காத வசதி, எட்டே ஆண்டில் வீட்டு மேசைக்கு வந்துவிட்டது.

ஐபிஎம் பிசி-க்கான கருவிகள் எங்கிருந்து வந்தன?

சிபி/எம்-இலிருந்தே. சியாட்டில் கம்ப்யூட்டர் புராடக்ட்ஸில் டிம் பேட்டர்சன், 8086 சிப்புக்கான அசெம்ப்ளரை முதலில் இசட்80-இல் ஓடும் சிபி/எம் நிரலாக எழுதினார். இசட்80 மூலநிரலை 8086 மூலநிரலாக மாற்றும் இன்னொரு நிரலும் எழுதினார். அந்த மாற்றியைக் கொண்டு அசெம்ப்ளரையே புதிய கணினிக்கு நகர்த்தினார். அவர் 1980-இல் எழுதிய இயங்குதளம் பின்னர் எம்எஸ்-டாஸ் ஆனது. அதன் 'டீபக்' நிரலைத் தெரிந்தவர்கள் டிடிடி-யைத் திறந்தால் டி, ஜி, டம்ப் என்று பாதிக் கட்டளைகள் பழக்கப்பட்டவையாகவே இருக்கும்.

இன்று இவற்றைத் தொட்டுப் பார்க்க முடியுமா?

தாராளமாக. இசட்80பேக், சிம்எச் போன்ற இலவச எமுலேட்டர்கள் ஆல்டேரையும் சிபி/எம்-ஐயும் அப்படியே ஓட்டுகின்றன. ரன்சிபிஎம் சிறு மைக்ரோகன்ட்ரோலர் போர்டுகளிலும் ஓடும். சிபி/எம்-ஐப் பயன்படுத்தவும் பகிரவும் உரிமையாளர் தரப்பு 2022-இல் தெளிவான அனுமதி தந்துவிட்டது. ஆல்டேர் பேசிக்கின் மூலநிரலை பில் கேட்ஸ் 2025-இல் வெளியிட்டார்.

கூட்டல் நிரலில் தொடங்குங்கள், சிம்எச்-இல் அந்த 14 பைட்டையும் நீங்களே ஏற்றுங்கள். பிறகு சிபி/எம்-இல் வாழ்த்து நிரல். எட் எடிட்டரில் ஏற்கெனவே உள்ள கோப்பைத் திறந்தால் ஒன்றுமே இல்லாதது போலத் தெரியும், பயப்பட வேண்டாம். அது கோப்பைத் தானாக நினைவகத்துக்கு எடுத்து வராது. '#ஏ' என்று தட்டினால் எல்லா வரிகளும் வரும், 'ஈ' தட்டினால் சேமித்து வெளியேறும், பழைய பிரதி பேக் கோப்பாக வட்டில் இருக்கும்.